கதவின் மூக்கு

புரோக்கரே வேண்டாம், கதவே ஆள் பார்த்துக்கொள்ளும் என்று பீற்றிக்கொண்டிருந்தார் மாம்பலத்து வீட்டுக்காரர் ஞானசம்பந்தம். வாடகைக்கு வீடு கேட்டு ஸ்டெல்லா வாசலில் நின்றதும் கதவு மோப்பம் பிடித்தது.

"கருவாட்டு வாசனை வருது. உங்களுக்கு வீடு இல்லைங்க."

மாடியிலிருந்து ஞானசம்பந்தம் சிரித்தார். ஸ்டெல்லாவுக்கு இது ஏழாவது வீடு.

மறுநாள் அவர் கோயிலுக்குள் போன நேரம் பார்த்து, வெளியே கிடந்த அவருடைய செருப்பில் நெத்திலிக் கருவாட்டை அழுத்தித் தேய்த்தாள். பிறகு அவர் வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தாள்.

அவர் திரும்பி வந்தார்.

"கருவாட்டு வாசனை வருது. உங்களுக்கு வீடு இல்லைங்க."

"ஏய், நான்தான் ஓனர். திற."

"யார் என்ன சொல்லிக் கெஞ்சினாலும் திறக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லியிருக்காருங்க."

ஸ்டெல்லா நிதானமாக இன்னொரு டீ சொன்னாள்.