அவள் போடாத ஆர்டர்

மணி அடித்தது. கம்ப்யூட்டரில் ஆர்டர் வந்து விழும்போது அடிக்கிற மணி.

அவள் போடவில்லை.

கை இரண்டிலும் கோதுமை மாவு. போன் பிரிட்ஜின் மேல் கிடக்கிறது. காலையிலிருந்து அவள் அதைத் தொடவே இல்லை.

மாவுக் கையோடு முன்னறைக்கு ஓடினாள்.

நாகர்கோவில். யாரோ ஒரு ஜெசிந்தா. பை வைத்த நைட்டி, நீலத்தில் ஒன்று. நாகர்கோவிலில் அவளுக்குத் தெரிந்த ஈ காக்கை கிடையாது.

சந்தோஷத்தில் அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்தாள்.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். அவள் புருஷன் கடையைக் கட்டினான். அவள் தைக்கிற நைட்டிகளை விற்க, இணையத்தில் ஒரு கடை. அதன் ஒவ்வொரு வரியும் அவன் எழுதியது.

இணையத்தில் ரெடிமேடாகக் கட்டிவைத்த கடைகளே இருக்கின்றன, மாத வாடகை கட்டினால் ஒரு மத்தியானத்தில் விற்க ஆரம்பித்துவிடலாம் என்று அவள் தம்பி தலைப்பாடாக அடித்துக்கொண்டான். வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் அடுத்தவனைக் கேட்க வேண்டும் என்றான் இவன்.

கட்டி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. திறந்தான்.

ஒருவரும் வரவில்லை.

கம்பெனி அவனை வேலையைவிட்டு அனுப்பிய மாதம், மொட்டைமாடி விளிம்பு வரை போய்விட்டவன். அவள்தான் பேசிப் பேசிக் கீழே கூட்டிவந்தாள். காலியான திரைக்கு முன்னால் அவன் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு அந்த விளிம்புதான் ஞாபகம் வந்தது.

தம்பி சொன்ன வாடகைக் கடையை அவனுக்குத் தெரியாமல் போனிலேயே திறந்தாள். அது ஓடியது. வீட்டில் அடுப்பு எரிந்தது அதில்தான்.

அங்கே யாராவது ஒரு நைட்டி கேட்டால், அதையே அவன் கடையிலும் ஆர்டர் போடுவாள். கரூர் அத்தை பெயரில். ஓசூரில் இருக்கிற சிநேகிதி பெயரில். அவன் பார்த்துப் பார்த்துக் கட்டித் தருகிற பார்சலைக் கூரியர் கடை வாசலில் வைத்து, முகவரியை உரித்து, வாங்கியவர் முகவரியை ஒட்டி அனுப்புவாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். மறைந்துவிட்டது என்றும் நம்பினாள்.

இன்று நிஜமாகவே ஒருத்தி வந்திருக்கிறாள்.

"ஏனுங்க, நாகர்கோயிலுங்க!"

அவன் திரையைப் பார்த்தான். திரும்பி அவளைப் பார்த்தான். கோபமே இல்லை.

"இந்தத் தடவ ஆரு போன்ல இருந்து போட்ட, வாணி?"

அவன் கையால் கட்டிய கடை. வாசலில் வந்து நிற்பது எப்போதும் அவள் போன்தான் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஒவ்வொரு ஆர்டருக்கும் சிரித்தானே. துணியை நீவி நீவி மடித்தானே. எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறான். அவளுக்காக.

"நானில்லீங்க. சத்தியமா நானில்லீங்க."

தலையாட்டினான். கரூர் அத்தை ஆர்டர் வந்தபோதும் அப்படித்தான் ஆட்டினான்.

"போதும் கண்ணு. இனிமேல் வெயில்ல அலையாத."

ஆர்டரை ரத்து செய்தான். ஜெசிந்தாவுக்கு ஒரு வருத்தச் செய்தி போயிற்று. பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடையையும் மூடினான்.

நாற்காலியில் சாய்ந்துகொண்டான். மொட்டைமாடியிலிருந்து கூட்டிவந்த நாள் முதல் அவள் காணாத நிம்மதி அவன் முகத்தில் இருந்தது.

அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.