ஒரு பூகூட உள்ளே வராது

"இது என்ன, கல்யாண ரிசப்ஷனா, காகிதக் கடையா?"

பெரிய டீச்சர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அவருக்கு மருமகளாக வரப்போகிறவள் நிமிர்ந்து பார்த்தாள். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவள். அவளுடைய வாடகை வீட்டின் கூடம் முழுக்கக் காகிதம். ஜப்பான் பாணியில் மடித்த கொக்குகள் நூலில் சரஞ்சரமாகத் தொங்கின. சிவப்பும் மஞ்சளுமாகச் சீன விளக்குகள் சோபாவை அடைத்துக்கொண்டிருந்தன. மூலையில் காய்ந்த கிளைகள், அவற்றில் ஒட்டிய இளஞ்சிவப்புக் காகிதப் பூக்கள். நடுவில் டீச்சரின் ஒரே மகன், விரலெல்லாம் பசையோடு, விசிறி மடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தை, உட்காருங்க."

"எங்க உட்கார? கொக்கு மேலயா?"

மகன் சிரித்தான். டீச்சர் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது.

"இந்தா பாரும்மா, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க பிறந்த நாளுக்குச் சரி. வரப்போறது நானூறு பேர். என்கூட வேலை பார்த்தவங்க, என்கிட்ட படிச்சவங்க. நான் பூக்காரர்கிட்ட பேசிட்டேன். வாசல், மேடை, மேஜை எல்லாம் லில்லியும் ரோஜாவும். அன்னைக்குக் காலையில வண்டி வந்துடும்."

"வேணாம் அத்தை."

"என்னது?"

"பூ வேணாம். ஒரு பூகூட உள்ள வரக் கூடாது."

டீச்சருக்கு ஒரு கணம் காது அடைத்தது. முப்பது வருஷத்தில் அவர் முகத்துக்கு நேராக 'வேணாம்' என்று சொன்ன ஆள் கிடையாது.

"நாலு பேர் முன்னாடி நான் தலைகுனியணும்னே பண்றியா? கஞ்சப் பிசினாரின்னு சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும். மூணு மாசமா லீவு நாள் பூரா உட்கார்ந்து செஞ்சது இது. சிரிக்கிறவங்க ஒரு கொக்கு மடிச்சுக் காட்டட்டும்."

"எத்தனை மடிச்சாலும் காகிதப் பூ மணக்குமா?"

"மணக்கக் கூடாது அத்தை. அதுக்குத்தான் காகிதம்."

திமிரைப் பாருங்கள்! டீச்சர் மகனிடம் திரும்பினார்.

"டேய், நீ வாயே திறக்க மாட்டியா? அதுலயும் பசை ஒட்டிக்கிச்சா?"

"அவ சொல்றதுதாம்மா எனக்கும்."

"சரி. வண்டி வரத்தான் வரும். யார் தடுக்கறாங்கன்னு நானும் பார்க்கறேன்."

"நான் தடுப்பேன்" என்றாள் அவள், கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே. "வாசல்ல நின்னு நானே திருப்பி அனுப்புவேன். அதையும் மீறிப் பூ உள்ள வந்தா, நான் மேடை ஏற மாட்டேன்."

தலையில் இடித்த கொக்குச் சரத்தைத் தள்ளிவிட்டு டீச்சர் படி இறங்கினார். அவள் பின்னாலேயே வந்தாள்.

"அத்தை, ரிசப்ஷனுக்குச் சின்னவ வருவாதானே?"

சின்னவள் என்றால் டீச்சரின் மகள், மாப்பிள்ளைக்குத் தங்கை.

"அவளுக்குக் கூட்டம் ஆகாது. வழக்கம்போல வீட்டைப் பார்த்துக்குவா. நீ பேச்சை மாத்தாதே."

வீடு வந்து சேர்ந்தும் டீச்சருக்குக் கொதிப்பு அடங்கவில்லை. என்ன நெஞ்சழுத்தம்! இந்த வீட்டுக்குள் இன்னும் காலே வைக்கவில்லை, அதற்குள் வாசலில் நின்று தடுப்பாளாம்! கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பூக்காரருக்குப் போன் போட்டார்.

"நான் சொன்னதைவிட இன்னும் ஒரு பங்கு சேர்த்துப் போடுங்க. மண்டபத்துக்குள்ள நுழையறப்பவே கமகமன்னு இருக்கணும். தெருமுனை வரைக்கும் வாசனை வரணும்."

"அசத்திடலாம் டீச்சர்! மேடைக்கு மட்டும் எந்த லில்லின்னு சொல்லிட்டீங்கன்னா..."

"அம்மா."

டீச்சர் திரும்பினார். சின்னவள் நின்றிருந்தாள். பச்சை நிறத்தில் புது உடுப்பு. விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. கையில் எப்போதும் இருக்கிற இன்ஹேலர்.

பூ வாசனை பட்டாலே அவளுக்கு மூச்சு இழுக்கும். எட்டு வயதில், சித்தப்பா மகள் கல்யாணத்தின் பாதியிலேயே அவளை ஆம்புலன்ஸில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் 'கூட்டம் ஆகாது' என்று டீச்சர் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார்.

"இது எனக்கு நல்லா இருக்காம்மா? அண்ணி மேடையில அவங்க பக்கத்துலயே நான் நிக்கணுமாம். ஒரு பூகூட உள்ள வராதுன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். இவ ஒருத்திக்காக எதுக்குன்னு நீங்க திட்டுவீங்கன்னு..."

அவள் விலைச்சீட்டைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"நான் வரலாமாம்மா?"

"ஹலோ, டீச்சர்? லைன்ல இருக்கீங்களா?"

முப்பது வருஷம் வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயரைக்கூட விட்டதில்லை அவர். நானூறு பேருக்குப் பட்டியல் போட்டபோது, தன் வீட்டில் இருந்த ஒருத்தியின் பெயர் நினைவுக்கே வரவில்லை. நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

"இருக்கேன்" என்றார். அதே தலைமையாசிரியையின் குரல்தான்.

"வண்டியை அனுப்பாதீங்க. மீறி ஒரே ஒரு பூ வந்தாலும், வாசல்ல நின்னு நானே திருப்பி அனுப்புவேன்."