கௌசலா சித்தியடைந்தாள்

கிளவுட் தரவுத்தளச் சான்றிதழ்ப் பரீட்சைக்குக் கௌசலாவைப் பதிவு செய்ததே சுவிசில் இருந்த அவள் கணவன் நிருஷன்தான். பின்னேரமானால் வீடியோவில் வந்து கேள்வி கேட்பான்.

"டேட்டா வைக்கிற இடத்தையும் கணக்குப் பாக்கிற இடத்தையும் ஏன் பிரிச்சு வச்சிருக்கினம்?"

"ஒண்டை நிப்பாட்டினாலும் மற்றதுக்கு ஒண்டும் நடக்காது."

"சரி. இதைப் பாஸ் பண்ணினால் வீட்டிலை இருந்தே வேலை எடுக்கலாம். நீர் ஆரையும் நம்பியிருக்கத் தேவையில்லை."

"நான் அங்கை வந்தாப் பிறகும் உதவுமோ?"

"முதலிலை நீர் படியும்."

துணுக்காயில் இருந்த வீட்டில் நிருஷனின் தாய், மாமி நேசமலர், அவளைக் குசினிப் பக்கமே விடுவதில்லை. "நீ படி பிள்ளை, சமையலை நான் பாக்கிறன்" என்று தேநீரும் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார். இப்படி ஒரு புருஷனும் மாமியும் யாருக்குக் கிடைக்கும் என்று கௌசலா பூரித்துப் போவாள். அந்தப் பூரிப்பிலேயே கண் எரிய எரியப் படித்தாள்.

பரீட்சை முடிந்ததும் முடிவு திரையிலேயே வந்தது. உடனே நிருஷனை அழைத்தாள்.

"பாஸ் பண்ணிட்டன்."

அவன் நீளமாக மூச்சு விட்டான். "இனி நீர் தனிய நிப்பீர். அதுக்காகத்தான் இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தனான். எனக்கு இஞ்சை வேறை குடும்பம் இருக்கு, கௌசி. பிள்ளைக்கு ரண்டு வயது."

அழைப்பு நின்ற பிறகும் அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை. நேசமலர் அறைக் கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். பரீட்சையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"சொல்லிப்போட்டானோ, பிள்ளை?" என்றுதான் கேட்டார்.