டி டிரைவில் இருந்த அண்ணன்

“எத்தனை துண்டாப் போடலாம் அத்தான்?”

அடுத்த அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அக்கா திடுக்கிட்டு எட்டிப் பார்த்தாள். வெட்டுக்குத்து ஒன்றும் நடக்கவில்லை. அவளுடைய தம்பி, அத்தானின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்கின் இடத்தைத் திரையில் துண்டு பிரித்துக்கொண்டிருந்தான்.

மருந்துக் கடையில் வேலை பார்த்தாலும், வீடியோ பார்த்தே கம்ப்யூட்டர் டாக்டர் ஆகிவிட்டவன் அவன். விண்டோஸ் இருந்தபடியே இருக்க, பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் குடிவைக்க வேண்டும் என்று அத்தான்தான் கூப்பிட்டிருந்தார்.

“டி டிரைவ்ல மட்டும் கையை வச்சுடாதடா. கேஸே அதுலதான் நிக்குது” என்றாள் அக்கா.

அத்தானும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ஆரம்பித்த அச்சகம், இப்போது அண்ணன் பெயரில் மட்டும் இருந்தது. ‘பாதி உன்னுதுதான்’ என்று அண்ணனே ஒரு காலத்தில் போனில் சொன்னதையெல்லாம் அக்காதான் விடாப்பிடியாகப் பதிவு செய்து, டி டிரைவில் சேர்த்து வைத்திருந்தாள். அத்தான் கேஸ் போட்ட பிறகு அண்ணனுக்கும் அவருக்கும் பேச்சே இல்லை. அடுத்த வாரம் விசாரணை.

“பேசாம கடையில கொடுத்திருக்கலாம்” என்று முணுமுணுத்தாள் அக்கா. தம்பி சரிசெய்து கொடுத்த வாஷிங் மெஷின் இன்னும் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது.

“நம்ம மாப்பிள்ளை இருக்கும்போது கடை எதுக்கு?” என்றார் அத்தான். தம்பிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எந்தப் பேச்சை முதலில் போட்டுக் காட்டுவது என்று வக்கீலிடம் கேட்டுவர அக்கா கிளம்பிப் போனாள். திரையில் பட்டியல் வந்தது. விண்டோஸில் ‘டி’ என்று பெயரோடு இருந்த பகுதி, லினக்ஸின் பட்டியலில் வெறும் எண்ணாக நின்றது.

“இந்தப் பெரிசுதானே அத்தான் காலி இடம்?”

அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உனக்குத் தெரியாததா மாப்பிள்ளை?”

தம்பி அமுக்கினான். லினக்ஸ் ஜம்மென்று வந்தது. விண்டோஸும் வந்தது. டி டிரைவைத்தான் காணவில்லை.

தலைகீழாக நின்று பார்த்தும் ஒரு பதிவுகூடத் தேறவில்லை.

“வேற காப்பி இருக்குல்ல அத்தான்?”

“இல்லையே.”

“என்னைச் செருப்பால அடிங்க அத்தான்!”

அத்தான் லேப்டாப்பை மெல்ல மூடினார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. தன்னைப் படிக்க வைத்து ஆளாக்கிய அக்காவின் குடும்பத்துக்கே உலை வைத்துவிட்டோமே என்று அவன் மனம் அடித்துக்கொண்டது.

வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவள் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், தம்பி குழந்தை மாதிரி தேம்புவதைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“அழாதடா. நீ என்ன வேணும்னா செஞ்சே?” என்று அவன் தலையைத் தடவினாள். அந்தத் தடவல்தான் அவனை இன்னும் கொன்றது.

“ஆதாரமே இல்லாம கோர்ட்ல போய் என்னன்னு நிக்கிறது?” என்று பெருமூச்சு விட்டார் அத்தான். “சமாதானமாப் போயிட வேண்டியதுதான்.”

“என்னமோ பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அத்தான் போனை எடுத்தார். எண்ணைத் தேடவில்லை, மனப்பாடமாகவே போட்டார்.

“அண்ணா, நான்தான்... கேஸை வாபஸ் வாங்கிடறேன்...” குரல் உடைந்தது. “அதை விடுங்க. சாப்பிட்டீங்களா?”

வெகுநேரம் பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி அவர் போனை வைத்ததும், தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “உங்க பாதி என்னாலதானே போச்சு? ஜென்மத்துக்கும் இந்தப் பாவம் என்னை விடாது அத்தான்.”

அத்தான் உள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நான் அழிச்சிருந்தா உங்க அக்கா என்னை விட்டிருப்பாளா, மாப்பிள்ளை?”