சார்ஜுக்கு முதல் அர்த்தம்

"குற்றச்சாட்டுதான் முதல்ல வரணும்! இல்லேன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்!" வக்கீல் மேசையைத் தட்டிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் ஆடியது.

"ஜனங்க காலையில எழுந்ததும் போனுக்கு சார்ஜ் போடறாங்க சார். யார் மேலயாவது கேஸா போடறாங்க?" எதிரிலிருந்து இன்ஜினியரம்மா எகிறினார். "மின்னேற்றம்தான் முதல் அர்த்தம்!"

கலைச்சொல் அகராதியின் பதிப்பாசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். வருஷக்கணக்கான உழைப்பு. 'சார்ஜ்' என்ற இந்த ஒரு சொல் முடிந்தால் புத்தகம் இன்றே அச்சுக்குப் போய்விடும். இழுத்தடித்தால் அச்சகத்துக்காரர் வேறு வேலையை மெஷினில் ஏற்றிவிடுவார். இந்த இரண்டு பேரோ குழுவில் சேர்ந்த நாளிலிருந்து கீரியும் பாம்பும்தான். அகராதியில் ஒரு பக்கம்கூட இவர்கள் சண்டை இல்லாமல் தாண்டியதில்லை.

"பேங்க்ல சார்ஜ்னா கட்டணம்..." வங்கி அதிகாரி மெல்ல வாயைத் திறந்தார்.

"நீங்க சும்மா இருங்க!" இருவரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள். அவர் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"காளை முட்ட வர்றதுக்கும் சார்ஜ்னுதான் பேரு," என்றார் இன்ஜினியரம்மா. "வக்கீல் சாரைப் பார்த்தா அதைத்தான் முதல்ல போடணும் போலிருக்கு!"

அறையே கொல்லென்று சிரித்தது. வக்கீலுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இதுதான் சமயம் என்று பதிப்பாசிரியை உள்ளே புகுந்தார். "மின்னேற்றம், குற்றச்சாட்டு, கட்டணம், பாய்ச்சல். இந்த வரிசையிலேயே போட்டுடலாம். சம்மதமா?"

வக்கீல் எதிரே பார்த்தார். "போடுங்க. அவங்களே ஜெயிச்சதா இருக்கட்டும்."

ஒரே கைதட்டல். பதிப்பாசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்து, "மெஷினைத் தயார் பண்ணுங்க! வந்துகிட்டே இருக்கு!" என்று கத்தினார்.

எல்லாரும் கலைந்தார்கள். வக்கீலும் இன்ஜினியரம்மாவும் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இன்னும் என்ன?" என்றார் பதிப்பாசிரியை. "இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கவே வேண்டாம். சந்தோஷமா கிளம்புங்க!"

"வேற சொல் ஏதாவது பாக்கி இருக்கா மேடம்?" வக்கீல் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எதுக்கு சார்?"

இன்ஜினியரம்மா தலை நிமிராமல் சொன்னார். "வீட்ல இவரும் நானும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு மேடம். நாங்க பேசிக்கிறதே இங்கே வந்துதான்."