ஷாமிளா ஆடிய ஞாயிறு

இரண்டாவது பாட்டின் நடுவில் ஷாமிளா நாற்காலியை விட்டு எழுந்து ஆடத் தொடங்கினாள்.

எங்கள் ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் பாட்டு என் பொறுப்பு. திகைப்பில் ஒரு வரியை அப்படியே விழுங்கிவிட்டேன்.

மூன்று மாதமாக அவள் அந்த நாற்காலியோடு கிடந்தவள். தேயிலை மலையில் அட்டை கடித்த இடம் புண்ணாகி, சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோயால் ஆறாமல், வலது பாதம் கறுத்துப்போயிருந்தது. வாரா வாரம் அவள் புருஷன் தினேஷ்தான் முதுகில் சுமந்துவந்து உட்காரவைப்பான். பிறகு வெளியே பலாமரத்தடியில் போய் நின்றுகொள்வான். மாரியம்மன் திருவிழாவில் காவடி எடுக்கிறவன், எங்கள் ஜெபம் தொடங்கினால் உள்ளே நிற்கமாட்டான்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை. சிங்களத்தில்தான் சொன்னார். எங்களுக்கு அது தண்ணீர்பட்ட பாடு, ஒரு சொல் விடாமல் விளங்கியது.

அன்றைக்கு அவளைத் தாங்கிப்பிடித்துத் துணைக்குப் போனவள் நான். அவளைக் கையெழுத்துப் போட விடாமல் கூட்டிக்கொண்டு வந்தவளும் நான்தான்.

"ஆண்டவர் பாத்துக்குவாரு புள்ள. கையெழுத்து மட்டும் போட்டுறாத" என்று பஸ் எங்கள் ஊர் நிவித்திகல வந்து சேரும்வரை ஓதிக்கொண்டே வந்தேன்.

தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. அவள் காலுக்காக மூன்று வெள்ளிக்கிழமை பல்லில் பச்சைத்தண்ணீர் படாமல் உபவாசம் இருந்தேன். தினேஷ் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். விசுவாசமில்லாதவன், அவனுக்கென்ன தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது அவள் ஆடுகிறாள்!

கைகளைத் தூக்கி, கண்ணை மூடி, சிரித்துக்கொண்டே ஆடினாள். முன்பு தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளைக் காம்பராவாக இருந்த அறை அது. இருபது பேர் நின்றாலே மூச்சு முட்டும். ஆட்கள் சுவரோரம் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டார்கள். முடிக்க வேண்டிய பாட்டை முடிக்காமல் திரும்பத் திரும்பப் பாடினேன். தொண்டை கட்டினால் கட்டட்டும்.

பெருமையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இப்போது என்ன சொல்வான் என்று தினேஷைத் தேடி வாசலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பாட்டு நேரத்தில் முதல்முறையாக உள்ளே வந்து நின்றிருந்தான். கண் கலங்கியிருந்தது. மனந்திரும்பிவிட்டான் என்று அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அவள் பாதத்தில் கட்டு அப்படியே இருந்தது. ஓரம் நனைந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது என்று டாக்டர் சொன்னதும் எனக்கு நினைவிருந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் பாடினேன்.

பாட்டு ஒருவழியாக முடிந்ததும் பாஸ்டர் சுமன் அவளிடம் மைக்கை நீட்டி, சாட்சி சொல்லச் சொன்னார். எங்களிடம் சாட்சி என்றால் கிடைத்த நன்மையைச் சொல்வது. அதனால் அவள் வாயைத் திறக்குமுன்பே எல்லோரும் கைதட்டிவிட்டோம். சுகமாக்கினார் என்று முதலில் கத்தியது நான்தான்.

கைதட்டல் ஓயும்வரை ஷாமிளா காத்திருந்தாள். ஒரு கையால் தினேஷின் தோளைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

"வெள்ளிக்கிழம இவரோட போயி கையெழுத்துப் போட்டுட்டேங்க. நாளைக்கு வார்டுல சேரணும், செவ்வாக்கிழம எடுக்குறாங்க. முப்பத்தெட்டு வருசமா என்னையச் சொமந்த காலு. ஆண்டவருக்கு நன்றி சொல்லாம அத எப்புடிங்க அனுப்புறது?"

யாருக்கும் கை எழவில்லை.

என் மூன்றாவது உபவாசம் அந்த வெள்ளிக்கிழமைதான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் முழங்காலில் இருந்தபோது, அவள் என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறியிருக்கிறாள். சொல்லியிருந்தால் மறித்திருப்பேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் இவள் செத்திருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் அழுகை வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் மைக்கை என் கையில் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, இன்னொன்னு பாடுங்க. கொஞ்சம் வேகமா உள்ளதா."