தண்ணி குடிக்கப் போனவர்

வெள்ளைக்காரன் காலத்தில், நாற்பத்தைந்தாம் வருடத் தேர்தலில், பெங்களூருக்குப் புளி வாங்கி ஏற்றுகிற முனிராஜ் சொந்த மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு மாரண்டஹள்ளி முழுக்க ஓட்டுக் கேட்டார். அதுவும் புளிமண்டி தீர்த்தகிரிக்கு.

"அந்தாளுகிட்ட வெல படியலைன்னு வாராவாரம் பொலம்புவீங்க. அவருக்கா ஓட்டுக் கேக்கறீங்க?" என்றாள் மனைவி.

"அதனாலதான் கேக்கறேன். தில்லி சட்டசபைக்குப் போயிட்டா அப்புறம் மண்டியில யாரு இருப்பா?"

பத்து வருடமாகத் துண்டுக்கடியில் தீர்த்தகிரியின் கையைப் பிடித்து விரலால் விலை பேசியவர் முனிராஜ். பாதிப் பேச்சில், "இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று தீர்த்தகிரி மண்டிக்குப் பின்னாலிருந்த வூட்டுக்குள் போவார். திரும்பி வந்தால் ஒரு மணங்கு புளிக்கு ஓர் அணாகூட இறங்க மாட்டார்.

தீர்த்தகிரி ஜெயித்தார். மாலையும் கழுத்துமாக அவரை மொரப்பூரில் ரயிலேற்றிவிட்ட முனிராஜ், மறுநாள் காலையே மண்டிக்குப் போனார். கல்லாவில் தீர்த்தகிரியின் மனைவி ராஜாமணி உட்கார்ந்திருந்தாள். பழக்கதோஷத்தில் தோள்துண்டை எடுத்துவிட்டவர், பொம்பளை கையைப் பிடிக்கவா முடியும் என்று விழித்தார்.

"துண்டெல்லாம் வேண்டாங்கண்ணா" என்ற ராஜாமணி, வாய்விட்டே விலையைச் சொன்னாள். பழைய விலைக்கு மேல் இரண்டணா.

"எதுக்கும் அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு சொல்லும்மா."

"அவருதாங்கண்ணா இத்தனை வருசமா உள்ள வந்து என்னைக் கேட்டுக்கிட்டுப் போனாரு" என்றவள் பெருமூச்சு விட்டாள். "பாவம், தில்லியில தண்ணி குடிக்க எங்க போவாரோ."